சிறிய பள்ளி: யாருக்குச் சலுகை, யாருக்குத் தண்டனை?

2025 ஜூன் மாதத்தில் உத்தரப்பிரதேச பாஜக அரசு ஓர் உத்தரவு பிறப்பித்தது. 50க்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் அரசுப் பள்ளிகள் அருகிலுள்ள வேறு பள்ளிகளுடன் இணைக்கப்படும் என்பது அதன் சாரம். பள்ளி சிறியது என்பதே அதை மூடுவதற்குப் போதுமான காரணம் ஆகிவிட்டது. தலைநகர் தில்லியிலோ இதற்கு நேர்மாறான ஒரு போக்கு சில ஆண்டுகளாகவே நடைமுறையில் உள்ளது. அறிவியலுக்கு ஒரு பள்ளி, நிகழ்த்து கலைகளுக்கு ஒரு பள்ளி, கலைப் பாடங்களுக்கு ஒரு பள்ளி எனத் துறைவாரிச் சிறப்புப் பள்ளிகளை 2021 முதல் தில்லி அரசு தொடங்கியது. நுழைவுத் தேர்வில் தேறிய மாணவர்களுக்குத் தனிக் கவனிப்பும் தனி வசதிகளும் அங்கே உண்டு என்று விளம்பரம் செய்யப்பட்டது.

ஏழை விவசாயத் தொழிலாளியின் குழந்தைக்கு ஊரில் இருக்கும் சிறிய பள்ளி வீண்செலவு. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவனுக்குத் தனிக் கவனிப்பு கொண்ட பள்ளி உயர்தரக் கல்வி. இந்த முரண்பாட்டுக்கு அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பள்ளி சிறியதாகவும் ஒரு துறையை மையமாகக் கொண்டதாகவும் இருக்கும்போது மாணவருக்குக் கிடைப்பது என்ன? அது எந்த ஏற்பாட்டின் வழியே கிடைக்கிறது? விடை தெளிவானால்தான் எதைக் கோரிப் போராடுவது, எதை எதிர்த்துப் போராடுவது என்பதும் தெளிவாகும்.

நியூயார்க்கின் அனுபவம்

இத்தகைய பள்ளிகள் பெருமளவில் நடத்தப்பட்டு, மிக விரிவாக ஆராயப்பட்ட நகரம் நியூயார்க். அங்கே இது கோடீஸ்வரர்களின் அறக்கட்டளையிலிருந்து பிறந்த சிந்தனை அல்ல. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறிய உழைக்கும் மக்களும் வாழும் கிழக்கு ஹார்லெமில், 1974இல் டெபோரா மையர் என்ற ஆசிரியர் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியை உருவாக்கினார். 1985இல் அதன் தொடர்ச்சியாக உயர்நிலைப் பள்ளியும் வந்தது. வசதி படைத்தோர் கட்டணம் செலுத்தித் தம் பிள்ளைகளுக்குப் பெறும் கல்வியை உழைப்பாளி வீட்டுக் குழந்தைக்கு அரசுப் பள்ளியிலேயே தர முடியும் என்று காட்டுவதே அதன் நோக்கம். மாணவர் ஒவ்வொருவரையும் நன்கு அறிந்த ஓர் ஆசிரியராவது பள்ளியில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி.

2002க்கும் 2008க்கும் இடையில் நகர நிர்வாகம் இதைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றது. ஆயிரக்கணக்கானோர் படித்த, பாதிப் பேர்கூடத் தேறாத பெரிய உயர்நிலைப் பள்ளிகள் இருபதுக்கும் மேல் மூடப்பட்டன. பிராங்க்ஸ், புரூக்ளின் போன்ற வறிய பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறிய பள்ளிகள் திறக்கப்பட்டன. ஒரு வகுப்பு நிலைக்குச் சுமார் 100 மாணவர்கள். 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகளுக்குமாக ஏறத்தாழ 400 பேர். உடல்நலப் பணி, சட்டம், சுற்றுச்சூழல், கலை, கட்டடக்கலை என ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மையப் பொருள். மருத்துவமனை, அருங்காட்சியகம், சமூக அமைப்பு என வெளியிலிருந்து ஒரு துணை நிறுவனம்.

சேர்க்கை முறை கவனிக்கத்தக்கது. இந்தப் பள்ளிகள் மதிப்பெண் பார்த்து மாணவரைப் பொறுக்கவில்லை. எட்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தமது விருப்பப் பள்ளிகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் போன்ற முறையில் இடம் ஒதுக்கப்பட்டது. இதனால் ஆய்வாளர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது. குலுக்கலில் இடம் பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டால், வேறுபாட்டுக்குக் குடும்பப் பின்னணியைக் காரணம் காட்ட முடியாது. பள்ளியின் பங்கு மட்டும் தனியே தெரியும். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் இவ்வாறு ஒப்பிட்டது. சிறிய பள்ளிகளில் சேர்ந்தோரில் நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்தோரின் விகிதம் சுமார் 9 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. கல்லூரியில் சேர்ந்தோரின் விகிதமும் சுமார் 8 புள்ளிகள் கூடியது. கறுப்பின இளைஞர்களிடமும், மிகப் பின்தங்கிய நிலையில் பள்ளிக்குள் நுழைந்தோரிடமும்கூட இந்த முன்னேற்றம் காணப்பட்டது.

செலவுக் கணக்கும் முக்கியமானது. பள்ளிப் படிப்பை முடித்த ஒரு மாணவருக்கு ஆன செலவைக் கணக்கிட்டபோது அது சிறிய பள்ளிகளில் குறைவாகவே இருந்தது. படிப்பை முடிக்க ஐந்தாவது ஆண்டும் பள்ளியில் தங்க நேர்ந்தோர் குறைந்ததே இதற்குக் காரணம். ‘சிறிய பள்ளி என்றால் வீண்செலவு’ என்ற வாதத்தின் அடிப்படையையே இது அசைக்கிறது. ஒரு குழந்தையை வகுப்பில் உட்கார வைக்க ஆகும் செலவு ஒரு கணக்கு. அக்குழந்தை படிப்பை முடித்து வெளியேற ஆகும் செலவு வேறொரு கணக்கு.

உள்ளே நடந்தது என்ன?

இந்த வெற்றிக்குக் காரணம் என்னவென்று அப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களையும் ஆசிரியர்களையும் கேட்டபோது, இரண்டு காரணங்களே முன்னின்றன. ஒன்று, மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான நெருங்கிய உறவு. மற்றது, எந்த மாணவரையும் ‘இவரால் முடியாது’ என்று ஒதுக்காத பாடத்தரம். பள்ளியின் மையப் பொருள் இவற்றுக்கு அடுத்த இடத்தையே பெற்றது.

அந்த உறவு ஆசிரியரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி விடப்படவில்லை. கால அட்டவணையிலேயே அதற்கு இடம் இருந்தது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு சிறு மாணவர் குழு ஒப்படைக்கப்பட்டது. அந்தக் குழு வாரந்தோறும் குறித்த நேரத்தில் கூடியது. மாணவர் ஏன் இரண்டு நாள் வரவில்லை, கணக்கில் எங்கே தடுமாறுகிறார், வீட்டில் என்ன நெருக்கடி என்பதை அறிந்து செயல்படுவது அந்த ஆசிரியரின் பொறுப்பு. அதற்கான நேரம் அவருடைய வேலை நேரத்திலேயே கணக்கிடப்பட்டது. ஒரே வகுப்பு நிலைக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் கூடிப் பேசவும் நேரம் ஒதுக்கப்பட்டது. கணித ஆசிரியர் கண்ட சிக்கல் மொழி ஆசிரியருக்கும் தெரிந்தது. ஐந்து பாடங்களில் ஐந்து வரிசை எண்ணாக இருந்த மாணவர், ஐந்து பேரும் அறிந்த ஒரே ஆளாக ஆனார்.

மையப் பொருளின் உண்மையான பயன் இங்கேதான் வருகிறது. அது பதினான்கு வயதுக் குழந்தையின் தொழிலை முடிவு செய்யும் முத்திரையாக இருக்கக் கூடாது. ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் திட்டமிட ஒரு பொதுத் தளமாகவும், வகுப்பறையை வெளியுலகத்தோடு இணைக்கும் பாலமாகவும் இருக்கும்போதுதான் அது உதவுகிறது. புதிதாகக் குடியேறிய, ஆங்கிலம் அறியாத இளைஞர்களுக்கென 1985இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ‘இன்டர்நேஷனல்’ உயர்நிலைப் பள்ளி இதற்கு நல்ல சான்று. அங்கே மாணவரின் குறையாகக் கருதப்பட்ட மொழிநிலையே பள்ளியை அமைக்கும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மொழி ஆசிரியரிடம் மட்டும் விடாமல், எல்லாப் பாட ஆசிரியர்களும் மொழியைக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றனர். யாரைச் சேர்க்காமல் தவிர்ப்பது என்ற கேள்வியை விடுத்து, வந்து சேர்ந்தவருக்கு என்ன தேவை என்ற கேள்வியிலிருந்து அந்தப் பள்ளி தொடங்கியது.

கணக்கின் மறுபக்கம்

இந்த அனுபவத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெரிய பள்ளிகளை மூடும் முடிவுகள் ஆசிரியர், பெற்றோர் கருத்தை மீறி மேலிருந்து எடுக்கப்பட்டன. தொடக்கத்தில் இம்முயற்சியில் பங்காளியாக இருந்த நகர ஆசிரியர் சங்கமே, பின்னர் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யுடன் சேர்ந்து 2010இல் பள்ளி மூடல்களை எதிர்த்து வழக்குத் தொடுக்க நேர்ந்தது; நீதிமன்றம் அந்த மூடல்களைத் தடுத்தது. புதிய சிறிய பள்ளிகள் தொடக்க ஆண்டுகளில் மாற்றுத்திறன் மாணவர்களையும் ஆங்கிலம் கற்கும் நிலையில் உள்ளோரையும் குறைவாகவே சேர்த்தன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாறு ஒதுக்கப்பட்டோர் எஞ்சிய பெரிய பள்ளிகளில் குவிந்தனர். நெரிசல் கூடிய அந்தப் பள்ளிகள் தோல்வியடைந்தவை எனப் பெயர் பெற்று அடுத்த மூடல் பட்டியலில் இடம்பெற்றன. பொதுக் கல்வியைச் சந்தையாகப் பார்க்கும் நிர்வாகத்தின் கையில் நல்ல கருத்தும் எப்படி ஆயுதமாகும் என்பதற்கு இது பாடம்.

இரண்டாவது பாடம் கேட்ஸ் அறக்கட்டளை தந்தது. அமெரிக்கா முழுவதும் உயர்நிலைப் பள்ளிகளை மாற்றியமைக்க அது 200 கோடி டாலருக்கும் மேல் வழங்கியது. பெரிய பள்ளிகளைச் சிறியவையாகப் பிரிப்பது அதில் முதன்மையான திட்டம். 2009இல் வெளியிட்ட ஆண்டுக் கடிதத்தில், இவ்வாறு உதவி பெற்ற சிறிய பள்ளிகளில் பலவற்றில் மாணவர் அடைவு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்று பில் கேட்ஸே ஒப்புக்கொண்டார். பின்னர் அறக்கட்டளை வேறு திட்டங்களுக்குத் தாவியது. பள்ளியின் அளவை மட்டும் குறைத்து, ஆசிரியரின் வேலை அமைப்பையும் நேரத்தையும் பாடத்தையும் மாற்றாமல் விட்டால் பயனில்லை என்பதை இந்தத் தோல்வி காட்டியது. ஒரு பெருமுதலாளியின் விருப்பத்தில் தொடங்கும் சீர்திருத்தம் அவர் விருப்பம் மாறும்போது கைவிடப்படும் என்பதையும் அது காட்டியது.

இந்தியாவில் ‘சிறப்பு’ என்ற சல்லடை

நியூயார்க்கில் பயன் தந்தது எதுவோ அதை விட்டுவிட்டு, பெயர்ப்பலகையை மட்டும் இறக்குமதி செய்யும் வேலை இந்தியாவில் நடக்கிறது. 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த நவோதயா பள்ளிகள் ஆறாம் வகுப்பிலேயே தேர்வு வைத்து மாணவரைப் பிரித்தன. 2022இல் அறிவிக்கப்பட்ட பி.எம். ஸ்ரீ திட்டம் ரூ.27,360 கோடியில் 14,500 பள்ளிகளை ‘முன்மாதிரி’ ஆக்குவதாகக் கூறுகிறது. ஓர் ஒன்றியத்தில் அதிகபட்சம் இரண்டு பள்ளிகள் இதில் இடம்பெறும். நாட்டில் உள்ள அரசுப் பள்ளிகளோ 10 லட்சத்துக்கும் மேல். இந்தத் திட்டத்தில் சேர மறுத்ததற்காகத் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய ரூ.2,152 கோடி நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. சில பள்ளிகளின் பளபளப்பை ஏற்காவிட்டால் எல்லாப் பள்ளிகளின் வயிற்றிலும் அடிப்பது என்பதே இதன் பொருள்.

தில்லியின் துறைவாரிப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பில் தகுதித் தேர்வு வைத்தன. 2025இல் ஆட்சிக்கு வந்த பாஜக அரசு 75 ‘சி.எம். ஸ்ரீ’ பள்ளிகளை அறிவித்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புச் சேர்க்கைக்கே தேர்வு வைத்தது. தொடக்கக் கல்விக்கான சேர்க்கையில் குழந்தைகளைச் சலிக்கும் எந்த நடைமுறையும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனது 13ஆவது பிரிவில் கூறுகிறது. அரசே நடத்தும் பள்ளியில் அச்சட்டத்தின் நோக்கம் இப்படித்தான் மதிக்கப்படுகிறது.

தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் பள்ளி நல்ல முடிவு காட்டுவதில் வியப்பில்லை. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டின் குழந்தை, தாய் தந்தை படித்த வீட்டின் குழந்தை, வீட்டு வேலைச் சுமை இல்லாத குழந்தை ஆகியோரே அந்தச் சல்லடையில் பெரும்பாலும் தங்குகின்றனர். வீட்டிலிருந்து அவர்கள் கொண்டு வந்ததைப் பள்ளி தன் சாதனையாக அறிவித்துக்கொள்கிறது. அதே வேளையில் அருகிலுள்ள சாதாரண அரசுப் பள்ளி தனது ஊக்கமுள்ள மாணவர்களையும், குரல் எழுப்பும் பெற்றோரையும், சில சமயம் சிறந்த ஆசிரியர்களையும் இழக்கிறது. சாதியும் வர்க்கமும் பிரித்துவைத்த சமூகத்தில் பள்ளி இன்னொரு படிக்கட்டாகிறது. அருகமைப் பள்ளியையும் பொதுப் பள்ளி முறையையும் 1966இல் வலியுறுத்திய கோத்தாரி ஆணையத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகி வந்தாயிற்று என்பதை இது உணர்த்துகிறது.

மூடப்படும் கதவுகள்

சல்லடையின் மறுமுனையில் மூடல் நடக்கிறது. சிறிய பள்ளிகளை நடத்துவது பொருளாதார ரீதியில் உகந்ததல்ல, நிர்வாகத்துக்கும் சிக்கலானது என்பது 2020 தேசியக் கல்விக் கொள்கையின் பார்வை. பள்ளி வளாகங்களாகத் தொகுப்பதே அது காட்டும் வழி. 2014-15இல் 11,07,101 ஆக இருந்த அரசுப் பள்ளிகள் 2023-24இல் 10,17,660 ஆகக் குறைந்தன. பத்தாண்டுகளில் 89,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் மறைந்தன. உத்தரப்பிரதேசத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் இடதுசாரி அமைப்புகளும் வீதிக்கு வந்த பிறகுதான், ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பள்ளிகளுடன் இணைப்பதில்லை என்று மாநில அரசு இறங்கி வந்தது.

மூடலை எதிர்க்கும்போது ஓர் உண்மையை மறைக்கத் தேவையில்லை. நம் கிராமங்களின் பல சிறிய பள்ளிகள் நல்ல பள்ளிகளாக இல்லை. 2024-25 அரசுப் புள்ளிவிவரப்படி நாட்டில் 1,04,125 பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார். அவற்றில் படிக்கும் குழந்தைகள் 33 லட்சத்துக்கும் மேல். ஐந்து வகுப்புகளை ஒருவரே நடத்தி, மதிய உணவுக் கணக்கும் எழுதி, வாக்காளர் பட்டியல் வேலைக்கும் போகும் பள்ளி, எண்ணிக்கையில் சிறியது என்பதால் மட்டும் குழந்தையை அறிந்துவிடாது. பெற்றோர் அதை விட்டு விலகுவதற்கும் இதுவே காரணம். முதலில் ஆசிரியரை நியமிக்காமல் விடுவது, பிறகு மாணவர் குறைந்துவிட்டனர் என்று கணக்குக் காட்டுவது, கடைசியில் பூட்டுப் போடுவது என்ற வரிசையில்தான் மூடல் நடக்கிறது. ஆகவே பள்ளியைத் திறந்து வைக்கக் கோரும் முழக்கமும் ஆசிரியரை நியமிக்கக் கோரும் முழக்கமும் பிரிக்க முடியாதவை.

உயர்நிலை வகுப்புகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. 2024-25 கணக்கின்படி நடுநிலை வகுப்புகளில் 3.5 சதவீதமாக உள்ள இடைநிற்றல், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் 8.2 சதவீதமாகத் தாவுகிறது. இந்த ஆண்டுகளில்தான் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு முடிகிறது, பள்ளி தொலைவில் போகிறது, வகுப்பு பெரிதாகிறது, பொதுத் தேர்வு முன்னால் நிற்கிறது. பையன் கூலி வேலைக்குப் போகிறான். பெண்ணுக்குத் திருமணப் பேச்சு தொடங்குகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த அந்தக் குழந்தை பத்து நாள் வராமல் போனதைக் கவனித்து, வீட்டுக் கதவைத் தட்டும் கடமையும் நேரமும் உடைய ஒருவர் பள்ளியில் இருக்கிறாரா என்பதே கேள்வி. இல்லை என்றால் பதிவேட்டில் ஒரு பெயர் அடிக்கப்படுவதோடு கதை முடிந்துவிடுகிறது.

கோரிக்கைகளும் கடமைகளும்

இந்த அனுபவங்களிலிருந்து திட்டவட்டமான கோரிக்கைகள் பிறக்கின்றன. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியர் வேண்டும்; ஓர் ஆசிரியரிடம் இருபது மாணவருக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது. இந்தப் பணி கூடுதல் சுமையாகத் திணிக்கப்படாமல், பாடவேளையாகக் கணக்கிடப்பட வேண்டும். ஆசிரியர்கள் கூடித் திட்டமிடும் நேரம் கால அட்டவணையில் இடம்பெற வேண்டும். காலியிடங்கள் நிரந்தர நியமனத்தால் நிரப்பப்பட வேண்டும். ஆண்டுக்கொரு முறை மாறும் ஒப்பந்த ஆசிரியர் குழந்தையை அறிய முடியாது. எனவே நியமன முறையும் கல்வித் தரத்தின் பகுதியே. கற்பித்தல் அல்லாத பணிகளிலிருந்து ஆசிரியர்கள் விடுவிக்கப்பட வேண்டும். மனநல ஆலோசகரும் மாற்றுத்திறன் மாணவருக்கான சிறப்பாசிரியரும் எல்லா உயர்நிலைப் பள்ளிகளுக்கும் தேவை.

இசையோ இயந்திரவியலோ வேளாண்மையோ, துறை சார்ந்த கல்வி எந்தப் பள்ளியிலும் இருக்கலாம்; அது வரவேற்கத்தக்கது. ஆனால் அதற்கு நுழைவுத் தேர்வு கூடாது. இடம் போதாத இடத்தில் குலுக்கல், அடுத்த ஆண்டு கூடுதல் இடம் என்பதே நியாயமான முறை. தலித், பழங்குடி, மாற்றுத்திறன் குழந்தைகளின் பங்கு உறுதி செய்யப்பட வேண்டும். ‘திறன்’ என்ற பெயரில் உழைப்பாளி வீட்டுக் குழந்தையை முன்கூட்டியே தொழிற்பிரிவுக்குத் தள்ளும் ஏற்பாடாகத் துறைக் கல்வி மாற அனுமதிக்கக் கூடாது.

ஒன்றிய, மாநில அரசுகளிடம் கோருவதோடு கடமை முடிவதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பல இடங்களில் இந்தக் குழு கையெழுத்து வாங்கும் ஏடாக மட்டுமே இருக்கிறது. கிளைகளில் உள்ள தோழர்களும், மாதர், வாலிபர், விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் இக்குழுக்களை உயிருள்ள மன்றங்களாக மாற்ற முடியும். ஆசிரியர் இயக்கம் தனது சேவைக் கோரிக்கைகளை மாணவரின் இடைநிற்றலோடு இணைத்துப் பேசும்போது, பெற்றோரும் அதன் பக்கம் நிற்பர். மூடல் உத்தரவு வந்த பிறகு திரள்வதைவிட, அதற்கு முன்பே பள்ளியோடு ஊர் நெருங்கி நிற்பது வலிமையானது.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்த குழந்தைகளின் பட்டியலைக் கையில் எடுக்கட்டும். அவர்களில் யார் இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறார், யார் இல்லை, ஏன் இல்லை என்பதை வீடு வீடாகக் கேட்டறியட்டும். அந்தப் பட்டியலோடு பள்ளிக்கும், பிறகு கல்வி அலுவலகத்துக்கும், தேவைப்பட்டால் வீதிக்கும் செல்லட்டும். தேர்ந்தெடுத்த சிலருக்கு அரசு தர முன்வரும் அதே கவனிப்பு, அந்தப் பட்டியலில் உள்ள கடைசிப் பெயருக்கும் உரியது.